பதிவேடு அறியாத தாய்

குடும்பம் என்பது யாது? குருதியால் அமைவது என்பர் சிலர். சடங்கால் அமைவது என்பர் வேறு சிலர். அரசாங்க ஏட்டில் பெயர் ஏறினால் அதுவே குடும்பம் என்பர் இன்னும் சிலர். குருதியும் சடங்கும் ஏடும் இருந்தும் அன்பு அற்றுப்போன இல்லங்கள் எத்தனை! இவற்றில் ஒன்றுமின்றி, ஒருவரையொருவர் தாங்கி நிற்போர் சிலர் உளராயின், அவர்க்கு என்ன பெயர் சூட்டுவது? இக்கேள்வியை எழுப்புகிறார் ஜப்பானிய நாவலாசிரியை பனானா யோஷிமோட்டோ.

டோக்கியோவில் 1964-இல் பிறந்த அவருக்கு உலகப் புகழ் தேடித் தந்த சிறு நாவல், 1988-இல் வெளிவந்த ‘கிச்சன்’. மிகாகே என்னும் இளம்பெண் பெற்றோரை இழந்தவள், பாட்டனை இழந்தவள். எஞ்சியிருந்த பாட்டியும் மறைய, குளிர்பதனப் பெட்டியின் ஓசையைத் துணையாகக் கொண்டு சமையலறையிலே படுத்துறங்குகிறாள். தன் வீட்டில் வந்து தங்குமாறு அவளை அழைப்பவன் உறவினன் அல்லன். பாட்டி பூ வாங்கிய கடையில் வேலை பார்த்த மாணவன் யூயிச்சி.

அவ்வீட்டில் அவளை வரவேற்கும் தாயின் பெயர் எரிகோ. அவர் யார்? யூயிச்சியின் தந்தையாக இருந்தவர்! மனைவி நோயுற்று மாண்டபின், இனிப் பெண்ணாகவே வாழ்வதென முடிவு செய்து, உடலையும் மாற்றிக்கொண்டு, இரவு விடுதி நடத்திப் பொருளீட்டி, மகனைத் தாயாக நின்று வளர்த்தவர். திருநங்கை என்று இன்று நாம் மதிப்போடு அழைக்கிறோமே, அவர்களுள் ஒருவர்.

ஜப்பானிலே குடும்பம் ஏட்டில் வாழ்கிறது. பிறப்பும் மணமும் மணமுறிவும் இறப்பும் ‘கொசெகி’ என்னும் பதிவேட்டில் குடும்பம் குடும்பமாகப் பதியப்படுகின்றன. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுத் தலைவனிடம் ஆதிக்கத்தைக் கொடுத்தது. 1947-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டமோ, மணம் இருவரின் இசைவால் அமைவது, கணவனும் மனைவியும் சமம் என்று அறிவித்தது. தலைவன் வீழ்ந்தான், ஏடு வீழவில்லை!

எரிகோவை அந்த ஏடு எப்படி எழுதும்? ஆண் என்றும் தந்தை என்றுமே எழுதும். பாலினப் பதிவை மாற்ற இடந்தரும் சட்டம், நாவல் வந்து 15 ஆண்டுகள் கழித்து, 2003-இல்தான் நிறைவேறிற்று. அதுவும் எப்படி? பிள்ளை உடையோர்க்கு அவ்வுரிமை இல்லை என்ற நிபந்தனையோடு! பிள்ளையைப் பேணி வளர்த்ததே குறையாகிவிட்டது. 2008-இல் அத்தடை, வயது வராத பிள்ளை உடையோர்க்கு மட்டும் எனச் சுருங்கிற்று. சுருங்கிய தடையும் செல்லும் என்றே 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருவளத்தை இழந்தால்தான் மாற்றம் என்ற நிபந்தனையை மட்டும் 2023-இல் அதே நீதிமன்றம் அரசியல் சட்டத்திற்கு முரணானதெனத் தள்ளிற்று.

“விரும்பிச் சேர்ந்தோர் விரும்பும்போது பிரிவர், குருதி உறவு அப்படியா?” என்று கேட்பர். கேட்க வேண்டிய கேள்விதான். மழுப்பாமல் விடை தருவோம். பெற்றோரைத் தெருவில் விட்ட பிள்ளைகளும், பிள்ளையைக் கைவிட்ட பெற்றோரும் குருதி உறவினர்தாமே! பிறப்பால் வந்த உறவும் உள்ளம் இசைந்தால்தான் கடமை ஆற்றுகிறது. அவ்வாறாயின், உள்ளம் இசைந்தே தொடங்கிய உறவு எவ்வகையில் தாழ்ந்தது?

ஆயினும் பெயரற்ற உறவுக்கென்று ஒரு துயரம் உண்டு. யோஷிமோட்டோ அதை மறைக்கவில்லை. எரிகோ வெறியன் ஒருவனால் கொல்லப்படுகிறார். அப்போது வேறிடத்தில் வாழும் மிகாகேவுக்கு, இலையுதிர்காலத்தில் நேர்ந்த அச்சாவு, குளிர்காலத்தில்தான் தெரியவருகிறது! சொல்ல யூயிச்சிக்கு மனம் வரவில்லை. மகள் என்றோ மருமகள் என்றோ பெயரிருந்தால் ஊரார் சொல்லியிருப்பர். முறை இல்லாதவளுக்கு யார் ஆளனுப்புவார்? எனினும் அவளே, தனித்துத் தங்கியிருந்த யூயிச்சிக்கு, இரவோடு இரவாக வாடகைக் காரில் விரைந்து சென்று உணவு கொடுக்கிறாள். எந்தச் சட்டம் அவளை ஏவிற்று? எந்த ஏடு அதைக் குறித்துக்கொண்டது?

அன்பிருந்தால் ஏடு எதற்கு என்று நாம் கூறோம். நோயாளியின் அருகிருக்கவும், இறந்தார்க்கு இறுதிக்கடன் ஆற்றவும், எஞ்சியோர் வீடிழக்காமல் வாழவும் சட்டத்தின் துணை வேண்டும். ஆகவே அன்பு வாழும் இடத்தைத் தேடிச் சென்று ஏடு எழுதட்டும். ஏட்டில் உள்ள இடத்திலெல்லாம் அன்பு இருப்பதாகப் பாவனை செய்வது பகுத்தறிவாகாது.

தோழர்களே! ஒரே கூரையின்கீழ் வாழ்வோரைக் கண்டால், “இவர் உனக்கு என்ன முறை?” என்று கேட்டே பழகிவிட்டோம். “இவருக்கு நீ என்ன செய்தாய்? உனக்கு இவர் என்ன செய்தார்?” என்று கேட்டுப் பாருங்கள். குடும்பம் எது என்பது அப்போது விளங்கும்.