குன்றின் மறுபக்கம்



இன்று டிசம்பர் 12, குவாதலூப்பே அன்னையின் திருநாள். சிகாகோ பக்கம் நான் பணிசெய்த காலத்தில், இந்தத் திருநாளுக்கு முந்தைய இரவு முழுவதும் டெஸ் பிளைன்ஸ் என்ற ஊரிலுள்ள அன்னையின் திருத்தலத்தில், மெக்சிகோவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பங்களோடு கண்விழித்திருந்தேன்.

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனாலும் சட்டம் போட்ட மாதா படத்தை முதுகில் கட்டிக்கொண்டு பனியில் நடந்து வருகிறவர்களை அன்றுதான் பார்த்தேன். சைக்கிளிலும் குதிரையிலும் வந்தார்கள். தீப்பந்தம் ஏந்தி ஓடியும் வந்தார்கள். இறகுக் கிரீடம் சூடியவர்கள் காலில் கொட்டைச் சலங்கை கட்டி, முரசு அதிர ஆடினார்கள். சின்னப் பையன்களுக்கு மையால் மீசை வரைந்து, அன்னை காட்சி கொடுத்த யுவான் தியெகோவின் வேடம் போட்டிருந்தார்கள். நள்ளிரவு ஆனதும் கூட்டம் முழுவதும் ஒரே குரலில் பாடியது. பிறந்தநாள் விடியலில் பாடி எழுப்பும் பாட்டு அது. தாயை எழுப்புவதுபோல மாதாவை எழுப்புகிறார்கள்.

என் கை விறைத்திருப்பதைப் பார்த்த ஓர் அம்மா, சம்புராதோ ஊற்றிய கோப்பையைக் கையில் திணித்தார். சாக்லேட்டும் மக்காச்சோள மாவும் சேர்த்துக் காய்ச்சியது. பிறகு, சோள மடலில் பொதிந்து ஆவியில் வேகவைத்த தமாலே. அந்நிய நாட்டில் பிழைக்க வந்தவர்கள், இன்னோர் அந்நியனான என்னை உட்காரவைத்துப் பரிமாறினார்கள்.

அன்னையின் கதை உங்களுக்குத் தெரியும். 1531-ஆம் ஆண்டு. அஸ்டெக் தலைநகர் ஸ்பானியரிடம் வீழ்ந்து பத்தே ஆண்டுகள். தோற்றுப்போன அந்த மக்களில் ஒருவரான யுவான் தியெகோவிடம், தெபேயாக் குன்றில், அவருடைய சொந்த நாவாட் மொழியிலேயே அன்னை பேசினாள். அவர் சொன்னதை நம்ப ஆயர் அடையாளம் கேட்டார். குளிர்காலத்தில் பூத்த மலர்கள், போர்வையில் பதிந்த திருவுருவம் என்று நாம் அங்கே ஓடிவிடுகிறோம். நடுவில் ஒன்றைத் தாண்டிவிடுகிறோம். யுவான் தியெகோவின் மாமா சாகக் கிடந்தார். டிசம்பர் 12 விடியற்காலையில் அவருக்காகக் குருவை அழைக்கப் புறப்பட்ட யுவான் தியெகோ, அன்னையைப் பார்த்தால் நேரமாகிவிடுமே என்று குன்றின் மறுபக்கமாகச் சுற்றிப் போனார். அன்னை அங்கேயே இறங்கி வந்தாள். ஏன் ஒளிந்து போகிறாய் என்று கடிந்துகொள்ளவில்லை. மாமா பிழைத்துவிட்டார் என்ற செய்தியைத்தான் முதலில் சொன்னாள். மலர் பறிக்க அனுப்பியது அதற்குப் பிறகு.

எனக்குச் சம்புராதோ கொடுத்த அந்த அம்மா கொண்டுவந்த மாதா படத்தின் ஓரத்தில் ஒரு கிழவியின் சிறிய புகைப்படம் செருகியிருந்தது. மெக்சிகோவின் மிச்சோவாகானில் இறந்துபோன அவருடைய தாய். இவர் போகவில்லை. 1996-இல் வந்த சட்டப்படி, ஓராண்டோ அதற்கு மேலோ உரிய தாள் இல்லாமல் அமெரிக்காவில் இருந்தவர் வெளியேறினால், பத்தாண்டுகளுக்குத் திரும்ப வர முடியாது. பிள்ளைகள் சிகாகோவில் படிக்கிறார்கள். தாயின் அடக்கத்தை இவர் கைபேசியில்தான் பார்த்தார்.

“மாமா படுத்திருந்த வீட்டுல யுவான் தியெகோ இல்ல, பாத்ரே. மாதாதான் இருந்தாங்க. எங்கம்மா பக்கத்துலயும் நான் இல்ல” என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இன்றைய முதல் வாசகத்தில் கதிரவனை ஆடையாக உடுத்திய பெண் பாலைநிலத்துக்குத் தப்பி ஓடுகிறாள். அங்கே கடவுள் அவளுக்கென ஓர் இடம் ஏற்பாடு செய்திருக்கிறார். இந்த வாசகத்தை நான் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அவள் ஓடிக்கொண்டிருந்தவள் என்பது அன்று இரவுதான் என் நெஞ்சில் தைத்தது.

நம் கோவிலின் பின்வரிசையில், திருப்பலி முடிந்ததும் யாரோடும் பேசாமல் போய்விடுகிற ஜார்க்கண்ட் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். கட்டட வேலைக்கு வந்தவர்கள். கிறிஸ்து பிறப்பு இரவில் அவர்கள் மொழியில் பாடும்படி கேட்டிருக்கிறேன், சம்மதித்தார்கள். திருப்பலிக்குப் பின் அவர்களோடு விடியும்வரை இருக்கவும், சாப்பாடு போடவும் விரும்பும் வீட்டார் இன்றே என்னிடம் சொல்லுங்கள்.

இப்போது மன்றாட்டு. கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க முடியாமல் நாம் இழந்தவர்களின் பெயரை, அவரவர் வாய்விட்டுச் சொல்வோம். அந்த மிச்சோவாகான் பாட்டியின் பெயரைச் சொல்லி நான் தொடங்குகிறேன்.