பெயரில்லாத பருந்துகள்

நகரத்தில் வேட்டைப் பறவையைக் கண்டுபிடிக்கத் தொலைநோக்கி வேண்டியதில்லை, காக்கைகளே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மரத்தைச் சுற்றி நாலைந்து காக்கைகள் விடாமல் கத்தினால், உள்ளே ஆந்தையோ வல்லூறோ பதுங்கியிருக்கலாம். அணில் ஒரே இடத்தில் நின்று வாலை உதறி உதறிக் கீச்சிட்டாலும் அப்படித்தான், பக்கத்தில் பூனை இல்லாத பட்சத்தில். வானத்தில் வட்டமிடும் பறவையின் வால் நடுவில் பிளவுபட்டிருந்தால் அது கரும்பருந்து. வால்நுனி வட்டமாக, தலையும் மார்பும் வெள்ளையாக, உடம்பு செங்கல் நிறமாக இருந்தால் செம்பருந்து. நம் ஊரில் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வது இதைப் பார்த்துத்தான். வல்லூறு புறா அளவே இருக்கும். சில சிறகடிப்பு, பிறகு ஒரு மிதப்பு என்று மரங்களுக்கு நடுவே தாழப் பறக்கும். அக்காக்குயில் அதே சாயலில் வந்து, பழகிய கண்களையும் ஏமாற்றும்.

இவ்வளவும் ஒரு மாதத்தில் பழகிவிடும். கண்ட பிறகு என்ன செய்வது என்பதில்தான் சிக்கல்.

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் 1991-இல் ஒரு செவ்வால் பருந்து தென்பட்டது. தலை வழக்கத்தைவிட வெளிறியிருந்ததால் ‘பேல் மேல்’ என்று பெயர் வைத்தார்கள். பூங்காவுக்கு எதிரே ஐந்தாம் அவென்யூவில், பெரும் பணக்காரர்கள் வசிக்கும் 927-ஆம் எண் கட்டடத்தின் உச்சி மாடியில் அது கூடு கட்டியது. கீழே பூங்காவில் அன்றாடம் கூட்டம். மேரி வின் என்ற எழுத்தாளர் 1998-இல் அந்தப் பருந்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டார். 2004 டிசம்பரில் கட்டட நிர்வாகம் கூட்டைப் பிரித்து எறிந்தது. தின்று போட்ட புறா எலும்பும் எச்சமும் நடைபாதையில் விழுகின்றன என்பது அவர்களுடைய குறை. குறை பொய்யில்லை, வேட்டைப் பறவை வேறெப்படி வாழும்? ஜனங்கள் அட்டை பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். அதே கட்டடத்தில் குடியிருந்த நடிகை மேரி டைலர் மூரும் பருந்தின் பக்கம் நின்றார். அந்த மாதம் முடிவதற்குள் கூடு கட்ட இரும்புத் தாங்கி பொருத்தப்பட்டது.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஒரே ஒரு பருந்தின் கதை. பெயரும் முகமும் கிடைத்த பிறகுதான் மனிதர்களுக்கு இரக்கம் பிறக்குமா?

டெல்லியில் பருந்துகளுக்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்து மாளாது, அத்தனை இருக்கின்றன. காஜிப்பூர் குப்பை மலையின் மேல் அவை கூட்டம் கூட்டமாகச் சுழல்வதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி மத்திய ஆசியாவிலிருந்தும் கரும்பருந்துகள் வந்து சேருகின்றன. பழைய டெல்லியில் இஸ்லாமியர்கள் தர்மமாக இறைச்சித் துண்டுகளை வானத்தில் வீசுவார்கள். விழுவதற்குள் பருந்து கவ்விக்கொள்ளும். இந்த ஊரில் பருந்துக்கு எமன் காற்றாடிதான். சுதந்திர தினத்தை ஒட்டிய நாட்களில் மாஞ்சா நூலில் சிக்கி இறக்கை அறுந்து விழுபவை ஏராளம்.

செங்கோட்டைக்கு எதிரே சமணர்கள் நடத்தும் பறவை மருத்துவமனை புகழ்பெற்றது. ஆனால் அங்கே இறைச்சிக்கு இடமில்லை என்பதால் ஊனுண்ணிகளைத் தங்கவைத்துப் பார்ப்பதில்லை. அந்த இடைவெளியில் வந்தவர்கள்தான் வஜீராபாத்தைச் சேர்ந்த நதீம் ஷெஹ்ஸாத், முகமது சவூத் என்ற சகோதரர்கள். இளவயதில் உடற்பயிற்சி மோகத்தில் தசை, தசைநாண் பற்றித் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் பருந்துகளுக்குக் கட்டுப்போடத் தொடங்கினார்கள். வீட்டின் அடித்தளத்தில் ஒரு பக்கம் சோப்புக் கரைசல் குடுவை தயாரிக்கும் பிழைப்பு, மறுபக்கம் பருந்து வைத்தியம். ஷௌனக் சென் இவர்களைப் பற்றி எடுத்த ‘ஆல் தட் ப்ரீத்ஸ்’ ஆவணப்படம் 2022-இல் சன்டான்ஸிலும் கானிலும் பரிசு வாங்கியது. படம் வருவதற்கு முன்பே, யாரும் பார்க்காதபோதே, ஆயிரக்கணக்கான பருந்துகள் அந்த அறையைக் கடந்து போயிருந்தன.

இந்த இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் டெல்லியின் பக்கம் சாயவே தோன்றுகிறது. பெயர் வைத்த பறவையின் மேல் வரும் பாசத்தில் கொஞ்சம் வேடிக்கை பார்க்கும் ஆசையும் கலந்திருக்கிறது. இதற்கும் நியூயார்க்கே சாட்சி. 2023 பிப்ரவரியில் யாரோ கம்பிவலையை வெட்டிவிட, சென்ட்ரல் பார்க் விலங்குக்காட்சியகத்திலிருந்து ‘ஃப்ளாக்கோ’ என்ற பெரிய ஆந்தை வெளியேறியது. கூண்டிலேயே வளர்ந்தது, பட்டினி கிடந்து சாகும் என்றார்கள். அது எலி பிடிக்கக் கற்றுக்கொண்டு ஓராண்டுக்கு மேல் வாழ்ந்து காட்டியது. நகரமே அண்ணாந்து பார்த்தது. அதே நகரம் எலிகளுக்கு மருந்தும் வைத்துக்கொண்டிருந்தது. 2024 பிப்ரவரியில் ஃப்ளாக்கோ ஒரு குடியிருப்பின் முற்றத்தில் விழுந்து இறந்தது. உடலைச் சோதித்தபோது புறாக்களிடமிருந்து தொற்றிய வைரஸும் நான்கு வகை எலி மருந்தும் இருந்தன. ஒன்று சொல்ல வேண்டும்: அதன் பெயர் வீண்போகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், மருந்துக்குப் பதிலாக எலிகளுக்குக் கருத்தடை உணவு வைத்துப் பார்க்கும் சட்டத்தை நகர மன்றம் நிறைவேற்றியது. அதை ஃப்ளாக்கோ சட்டம் என்றே அழைக்கிறார்கள்.

இந்த எலி மருந்து நமக்கும் அந்நியமில்லை. மளிகைக் கடையில் கிடைக்கும் புரோமடியோலோன் கட்டி ரத்தம் உறையாமல் செய்வது. தின்ற எலி உடனே சாகாது. சில நாட்கள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியைத்தான் கூகை முதலில் பிடிக்கும். கோயில் கோபுரத்திலும் பழைய கட்டடங்களிலும் குடியிருந்து இரவெல்லாம் எலி தின்னும் கூகையை அபசகுனம் என்று விரட்டுகிறோம். விரட்டாத இடத்தில் விஷம் வைக்கிறோம்.

வீட்டில் எலித் தொல்லை இருந்தால் பொறி வையுங்கள். மருந்து வைத்தே ஆகவேண்டுமென்றால் செத்த எலியைத் தெருவில் வீசாமல் ஆழப் புதையுங்கள். மாஞ்சாவில் அறுபட்ட பருந்தோ ஆந்தையோ கிடைத்தால் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் விட்டு, வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.