கை வலிக்காத நேர்மை

அக்கா மகன் ஜாய்ஸ்டிக் வாங்கியிருக்கிறான். அதை மேஜையில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறான். மைக்ரோசாஃப்ட்காரர்கள் 1982-லேயே ஆரம்பித்துவைத்த விளையாட்டு. (விளையாட்டு என்றால் அவனுக்குக் கோபம் வரும். ‘சிமுலேட்டர், மாமா!’) போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் உட்காரவைத்துவிட்டான். செஸ்னா 172. மீனம்பாக்கம் ஓடுபாதை.

கிளம்புமுன் அரை மணி நேரம் செட்டிங்ஸ். குச்சியைத் தொடாதபோதும் லேசாக நடுங்கும் சிக்னலைக் கண்டுகொள்ளாமல் விட ‘டெட் ஸோன்’ என்று ஒன்று. அதை அதிகமாக வைத்துவிட்டால் நாம் நிஜமாகவே அசைப்பதும் விமானத்துக்கு உறைக்காது. சில அரசாங்க ஆபீஸர்களுக்கு அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

ஒரு வழியாக மேலே ஏறினேன். மூக்கைத் தூக்கிப் பிடிக்கக் குச்சியை இழுத்தபடியே இருக்க வேண்டியிருந்தது. ஐந்து நிமிடத்தில் மணிக்கட்டு கடுத்தது.

“என்ன மாமா மல்லுக்கட்டறீங்க? ட்ரிம் பண்ணுங்க.”

வாலில் இருக்கும் எலிவேட்டரின் பின்விளிம்பில் ஒரு சின்னத் தகடு உண்டு. நிஜ செஸ்னாவில் ஒரு சக்கரத்தை உருட்டினால் அது நகரும். அதுவரை நம் கை கொடுத்துக்கொண்டிருந்த விசையைக் காற்றே கொடுக்க ஆரம்பிக்கும். கீபோர்டில் நம்பர் பேடின் 1-ம் 7-ம் அந்த வேலையைச் செய்கின்றன.

முதலில் கையால் மூக்கைச் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகுதான் ட்ரிம். நான் ட்ரிம்மை வைத்தே ஓட்டப் பார்த்தேன். விமானம் மெரினா அலை மாதிரி ஏறி ஏறி இறங்கியது. நிஜ விமானத்தில் பாரம் குறைவதைக் கையே உணர்ந்துவிடும். வீட்டு ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங்குக்கு அந்த இங்கிதம் கிடையாது. எப்போதும் நடுவுக்கே இழுக்கும். எனவே 1-ஐத் தட்டத் தட்ட, குச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். நாலாவது முயற்சியில் கையை எடுத்தேன். விமானம் பாட்டுக்குப் போனது.

அப்போது வேண்டாத ஒரு ஞாபகம் வந்தது. கவர்.

பிரஸ் மீட் முடிந்து வெளியே வரும்போது கையில் திணிப்பார்களே, அந்தக் கவர். நிருபராகச் சேர்ந்த புதிதில் வேண்டாமென்று சொல்வதற்குள் எனக்கு உயிர் போகும். சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பில் நின்று, உள்ளே எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போடுவேன். பி.காம். புத்தி! வருஷங்கள் போகப் போக, யார் நீட்டினாலும் கை தானாகப் பின்னால் போக ஆரம்பித்தது. யோசிப்பதே இல்லை.

இந்த இரண்டு பேரில் யார் நேர்மையானவன்?

கான்ட் 1785-ல் எழுதிய நூலில், மனதில் இரக்கமே சுரக்காதபோதும் கடமைக்காக உதவுகிறானே, அவன் செயலுக்குத்தான் உண்மையான ஒழுக்க மதிப்பு என்கிறார். அரிஸ்டாட்டில் எதிர்க்கட்சி. பல்லைக் கடித்துக்கொண்டு நல்லது செய்கிறவன் இன்னும் தேறவில்லை, பழகிப் பழகி அது சந்தோஷமாக வர வேண்டும் என்பது அவர் கட்சி. நான் உடனே அரிஸ்டாட்டில் பக்கம் போய்விட்டேன். எனக்கு பாஸ் மார்க் போடுகிறாரே!

“மாமா, இப்ப த்ராட்டிலை மட்டும் கூட்டுங்க.”

கூட்டினேன். வேகம் எகிறும் என்று பார்த்தால் மூக்கு நிமிர்ந்து மேலே ஏற ஆரம்பித்தது. வேகம் ஏறக்குறைய பழையதே. ட்ரிம் காப்பாற்றுவது வேகத்தையாம். உயரம் அதன் பொறுப்பில் இல்லை. இன்ஜின் சக்தி மாறினாலோ ஃப்ளாப் இறக்கினாலோ மறுபடி கை வைத்தாக வேண்டும்.

இரண்டு மாதம் முன்பு, மகளின் காலேஜ் ஃபீஸுக்குக் கெடு நெருங்கிய வாரம். ஒரு கம்பெனி விழாவில் நீட்டப்பட்ட கவர் தடிமனாக இருந்தது. கை தானாகப் பின்னால் போகவில்லை. இரண்டு விநாடி அந்தரத்தில் நின்றது. நீட்டியவர் அதைப் பார்த்தார். வாங்கவில்லைதான். ஆனால், இருபது வருஷத்துக்குப் பிறகு மணிக்கட்டு கடுத்தது. என் நேர்மை, பணத்தட்டுப்பாடு இல்லாத நாட்களுக்கு மட்டும் செட் பண்ணிய ட்ரிம்தானோ? அரிஸ்டாட்டில் போட்ட மார்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பார். கான்ட் ஒருவேளை அந்த இரண்டு விநாடிக்கு மட்டும் ஏதாவது போட்டிருக்கலாம்.

ஃபீஸை நகையை வைத்துக் கட்டினோம். கவர் விஷயத்தை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை அவள் வாராவாரம் படிப்பாள்.