உண்மைக்கு என்ன கூலி?

தட்டில் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டியதில்லை. குளிர்சாதனப் பெட்டியே குழாய்நீரை வாங்கி, ஐஸ் கட்டிகளாக உறைய வைத்துத் தொட்டியில் தள்ளிவிடுகிறது. அமெரிக்க வீடுகளில் இது சாதாரணம். ஒருநாள் ஐஸ் விழவில்லை. பழுது பார்ப்பவரை அழைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

நீரைத் திறந்துவிடும் வால்வு கெட்டிருக்கலாம்; வடிகட்டி அடைத்திருக்கலாம்; நீர் விழும் குழாயிலேயே பனி உறைந்து வழியை மறித்திருக்கலாம். அன்று இவை எதுவுமில்லை. தொட்டி நிறைந்ததும் உயர்ந்து நின்று எந்திரத்தை நிறுத்தும் கம்பி ஒன்று பல பெட்டிகளில் உண்டு. ஏதோ பொட்டலம் இடித்து அது மேலேயே நின்றுவிட்டது. வந்தவர் விரலால் கீழே இறக்குகிறார். அவ்வளவுதான்.

இனி அவர் என்ன சொல்வது? "கம்பிதான் ஐயா" என்றால், "இதற்கா இவ்வளவு பணம்?" என்று முகம் சுளிப்பார்கள். "வால்வு போய்விட்டது, மாற்றிவிட்டேன்" என்றால் நன்றியோடு கொடுப்பார்கள். பொய் சொல்கிறவன் திருடன்தான், ஐயமில்லை. ஆனால் அந்தப் பொய்க்கு விலை வைத்தவர் யார்? பொருளுக்குக் கை நீள்கிறது. அறிவுக்கு மனம் கூசுகிறது. (மருந்து எழுதித் தராத வைத்தியரிடம் நமக்கும் மனக்குறைதானே!) எந்தக் கம்பி என்று தெரிவதற்கு அவர் எத்தனை பெட்டிகளைத் திறந்திருப்பார்!

கம்பிதான் என்று சொல்லி, வந்த கூலியையும் தயங்காமல் கேட்பவரையே நான் நல்லவர் என்பேன். கூலி வாங்காமல் போகிறவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வீட்டில் அவர் நல்ல வால்வைக் கழற்ற நேரலாம்.