நினைவுக் கல் யாருக்காக?

மருத்துவமனை வளாகங்களில் நினைவாலயங்கள் சில உண்டு. வாயிலில் ஒரு கல். அதில் ஒரு பெயர். கீழே ஓர் ஆண்டு. நோயாளியுடன் வந்தவர் அதை வாசிப்பதில்லை. நேரே உள்ளே சென்று முழந்தாளிடுகிறார். அப்படியாயின் அக்கல் யாருக்காக? கொடுத்தவரின் பெயரைப் பொறிப்பது நன்றிக்கடனா, தற்பெருமையா?

பிரான்சிலுள்ள போன் நகரில், பர்கண்டி அரசின் உயர் அமைச்சர் நிக்கோலா ரோலினும் அவர் துணைவியார் கிகோனும் 1443-இல் ஏழைகளுக்கென மருத்துவமனை ஒன்றை நிறுவினர். அதன் நீண்ட கூடத்தில் இருபுறமும் படுக்கைகள். மேலே கவிழ்த்த கப்பலைப் போன்ற மர விதானம். ஒரு கோடியில் சிற்றாலயம். இடையே மரத்தடுப்பு மட்டுமே இருந்தது. எழ இயலாதவர்கள் படுத்தவாறே திருப்பலியில் பங்கேற்றனர். ஆலயம் செல்ல இயலாதவரிடம் ஆலயமே வந்து நின்றது. கிகோன் அம்மையார் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பீடத்துக்கென ரோஜியர் வான் டெர் வெய்டன் இறுதித் தீர்ப்பை ஓவியமாகத் தீட்டினார். அதன் வெளிக்கதவுகளில் கொடையாளர் இருவரும் மண்டியிட்டு வேண்டுகின்றனர். ஞாயிறு, திருவிழா நாள்களில் கதவுகள் திறக்கப்பட்டன. அப்போது கொடையாளர் மறைந்தனர், கிறிஸ்து தோன்றினார். நினைவுச் சின்னம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

நம் மதுரைக்கு வருவோம். வைகையின் மீது 1889-இல் திறக்கப்பட்ட ஏ.வி. பாலத்தை நாள்தோறும் கடப்போரில் எத்தனை பேர் ஆல்பர்ட் விக்டர் இளவரசரை நினைக்கின்றனர்? அமெரிக்க மதுரை மிஷனின் மருத்துவமனையும் அவர் பெயரைத் தாங்கியிருந்தது. மருத்துவர் வான் ஆலனின் முயற்சியாலும் இந்து அன்பர்களின் கொடையாலும் எழுந்த அதனை, ஊரார் ‘மிஷன் ஆஸ்பத்திரி’ என்றே அறிந்தனர். எர்ஸ்கின் பிரபுவின் பெயரால் 1940-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவமனை பின்னர் இராஜாஜி பெயரை ஏற்றது. மக்களுக்கோ அது என்றும் ‘பெரியாஸ்பத்திரி’தான். பெயர் மாறுகிறது, பயன் நிலைக்கிறது.

வேலூரில் ஐடா ஸ்கட்டர் 1902-இல் திறந்த மருத்துவமனை, கொடையாளரின் மறைந்த மனைவி மேரி டேபர் ஷெல்லின் பெயரைப் பெற்றது. ஆனால் ஐடாவை மருத்துவராக்கியது, திண்டிவனத்தில் ஒரே இரவில் பேறுகால உதவியின்றி மாண்ட மூன்று பெண்களின் மரணமே. அவர்கள் பெயரை வரலாறு காக்கவில்லை. உண்மையில் அம்மருத்துவமனையின் அடிக்கல் அவர்களல்லவா?

வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்று கற்பித்த ஆண்டவரே, பெத்தானியாவில் தம்மீது நறுமணத் தைலம் ஊற்றிய பெண்ணின் செயல் உலகெங்கும் அவள் நினைவாகச் சொல்லப்படும் என்றார். ஆயினும் மாற்கு நற்செய்தியாளர் அவள் பெயரைக் குறிக்கவில்லை. செயல் நினைக்கப்படுகிறது, பெயர் இறைவனிடம் இருக்கிறது.

எனவே, பெற்றோர் நினைவாக ஆலயத்துக்கு ஒரு பீடமோ மருத்துவமனைக்கு ஒரு படுக்கையோ அளிப்பது நல்லதே. மறைந்தோரை நினைப்பது நம் விசுவாசத்தின் பகுதி. ஆனால் குழல்விளக்கில் ‘உபயம்’ என்று எழுதிய எழுத்தே ஒளியை மறைத்துவிடக் கூடாது. பெயரை அழித்துவிட்டாலும் இதைக் கொடுத்திருப்பேனா என்று கொடுக்கும்முன் நம்மையே கேட்டுக்கொள்வோம். ஆம் என்று நெஞ்சம் சொன்னால், கல்லில் பெயர் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன?