பழக்கமும் கவனமும்

'தினமும் தியானம் செய்கிறேன்' என்கிற வாக்கியத்திலேயே ஒரு முரண்பாடு இருக்கிறது. தினமும் என்பது பழக்கத்தின் சொல். தியானம் என்பது கவனத்தின் சொல். கவனம் தேவைப்படாமல் ஒரு காரியம் நடந்தேறுகிற நிலைக்குத்தான் பழக்கம் என்று பெயர். சட்டைப் பொத்தானைப் போடும்போது விரல்களைப் பற்றிய பிரக்ஞை நமக்கில்லை, இருந்தால் தாமதமாகும்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். லண்டன் யுனிவர்சிடி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2010இல் அச்சாயிற்று. மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் சிறிது ஓட்டம் என்று ஆளுக்கொரு காரியத்தைத் தினமும் செய்தார்கள். அது பழக்கமாகக் கெட்டிப்பட இடைநிலைக் கணக்கில் 66 நாள். ஆளைப் பொறுத்து 18இலிருந்து 254வரை. (254 என்பது கணக்குப் போட்டு நீட்டியது, ஆய்வு நடந்தது 84 நாள்தான்.) ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டமில்லை என்றும் தெரிந்தது. 66 என்ற எண்ணைச் சுயமுன்னேற்றப் புத்தகக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அளவுகோல். எவ்வளவு தூரம் யோசிக்காமல், தன்னையறியாமல் செய்கிறாய் என்பதே அங்கே கேள்வி. அந்த அளவுகோலில் முழு மதிப்பெண் வாங்குகிற தியானம் தியானமாக இருக்க முடியாது.

ஜே. கிருஷ்ணமூர்த்தி இதைத்தான் 1929இல் ஓமனில் நட்சத்திர சங்கத்தைக் கலைத்ததிலிருந்து 1986 ஜனவரியில் வசந்த விஹாரில் பேசிய கடைசிப் பேச்சுகள்வரை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். முறையும் பயிற்சியும் மனசை மந்தமாக்கும் என்பது அவர் கட்சி. நம்மிடையே அவருக்கு ஏற்பட்ட கவர்ச்சிக்கு ஒரு காரணம், ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை என்று அவரைச் சௌகரியமாக வாசித்துக்கொள்ள முடிந்ததுதான். ஆனால் ஆசனங்களையும் நடையையும் முதுமைவரை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் அவர். இதைப் போலித்தனம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. பழக்கத்தை உடம்புக்கு அனுமதித்தார், மனசுக்கு மறுத்தார். அந்தப் பிரிவினையில்தான் விஷயம் இருக்கிறது.

பதஞ்சலி அப்பியாசம் என்பதை யத்தனம் என்று வரையறுக்கிறார். நெடுநாள், இடைவிடாமல், சிரத்தையோடு செய்யும்போது அது உறுதிப்படுகிறது என்கிறார். நாள்பட நாள்படச் சுலபமாகிவிடும் என்று சொல்லவில்லை. அப்பியாசத்தைப் பழக்கம் என்று தமிழ்ப்படுத்தும்போது யத்தனம் நழுவிவிடுகிறது. 1227இல் சீனாவிலிருந்து ஜப்பான் திரும்பிய டோகென், உட்காருவதற்கு எழுதிய குறிப்புகளில் ஆடையைத் தளர்த்துவது, காலை மடிப்பது, கண்ணைத் திறந்தே வைப்பது என்று உடம்பைப் பற்றி எத்தனை நுணுக்கமாகச் சொல்கிறார். பாயில் போய் உட்காரும்வரைதான் பழக்கத்துக்கு வேலை. காபி குடித்த தம்ளரைக் கழுவி வைத்ததும் கால்கள் தாமாகப் பாய்க்குப் போகட்டும். 'இன்றைக்கு உட்காரலாமா, வேண்டாமா' என்ற விவாதம் ஒழிந்தாலே பெரிய விடுதலை. அதற்குப் பிறகு நடப்பது எந்த நாளும் முதல் நாள்தான்.

முதல் நாள் என்றால் மலர்ச்சி, பரவசம் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் சலிப்பு. ஆரம்ப வாரங்களில் ஏதோ நேரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு ஆளை உட்காரவைக்கிறது. அது வற்றியபின், மூக்கு நுனி, மூச்சு, நேற்று யாரோ சொன்ன சொல், மறுபடி மூச்சு. இந்த வறட்சியில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதவர்களில் பலர் எண்ண ஆரம்பிக்கிறார்கள். கைபேசியில் இப்போது அதற்கென்றே செயலிகள் வந்துவிட்டன. தொடர்ச்சியாக இத்தனை நாள் என்று காட்டுகின்றன, ஒரு நாள் தவறினால் பூஜ்யம். பாங்கில் ரெகரிங் டெபாசிட் பாஸ்புக்கைத் தள்ளும் முகங்களைத் தினம் பார்க்கிறவன் நான். அந்தத் திருப்தி எனக்குத் தெரியும். அது சேமிப்பின் திருப்தி. நூறாவது நாளைக் காப்பாற்றுவதற்காக உட்காருகிறவன் நூறைத்தான் காப்பாற்றுகிறான். தவறிய நாளுக்கு மறுநாள் எந்தக் குற்ற உணர்வும் இல்லாமல் உட்காருவது, அதன்முன் உட்கார்ந்த எல்லா நாட்களையும்விடக் கஷ்டம்.

கோயங்காவின் பத்து நாள் விபஸ்ஸனா முகாமுக்குப் போய் வந்தவர்கள் வீட்டில் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. வெகு சீக்கிரம் அதைக் கைவிட்டவர்கள் என் நண்பர்களிலேயே சிலர் உண்டு. மனோதிடம் போதாது என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். முகாமில் அதிகாலை 4 மணிக்கு மணி அடிக்கிறது, சாப்பாட்டை யாரோ சமைக்கிறார்கள், பாத்திரம் உருளும் சத்தம் கூடத்துக்கு வருவதில்லை. வீட்டில் அந்த யாரோ யார் என்று கேட்டுக்கொண்டால் திடத்தைப் பற்றிய கேள்வி வேறு கேள்வியாகிவிடும். 'அப்பா உட்கார்ந்திருக்கார், சத்தம் போடாதே' என்று குழந்தையை அடக்கிக்கொண்டே பால் காய்ச்சி, தண்ணீர் பிடித்து, டிபன் பாக்ஸ் கட்டுகிறவளின் அரைமணியும் அதே ஆறு மணிக்குத்தான் இருக்கிறது. அவன் மௌனத்தை அவள் உற்பத்தி செய்கிறாள். சாதனை அவன் கணக்கில் ஏறுகிறது. முனிவர்கள் காட்டுக்குப் போனதில் ஒரு நேர்மை இருந்தது. காட்டில் யாரையும் வாயை மூடச் சொல்ல வேண்டியதில்லை. நான் படித்த தியான நூல்களில் நேரம், ஆசனம், ஆகாரம் எல்லாம் இருக்கின்றன. இன்னொருவருடைய காலைப்பொழுதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவளும் உட்காரட்டுமே என்பது பதிலாகாது. அவளுக்கு வேண்டியது தூக்கமாக இருக்கலாம்.

நான் உட்காருவது கிளையில், கவுண்டர் திறக்க இருபது நிமிஷம் இருக்கும்போது, என் நாற்காலியில். கூட்டிப் பெருக்குகிற அம்மா அந்த நேரத்துக்குத்தான் என் பக்கம் வருவார். காலைத் தூக்கச் சொல்வார். தூக்கிக்கொள்வேன்.