இரண்டு அடி காணவில்லை

காத்மாண்டுவில் இறங்கியதும் முதல் வேலையாகக் கைக்கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். பக்கத்து நாடு, விசா கிடையாது, நம்ம நூறு ரூபாய் நோட்டைக் கடைக்காரர் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறார். ஆனாலும் ‘நான் வேறே, நீ வேறே’ என்று சொல்ல அந்தக் கால் மணி நேரம். எனக்கு அது பிடித்திருந்தது.

நான் போனது 2009 கடைசியில். சமுதாய வானொலிக்காரர்கள் கூடிய ஒரு கருத்தரங்கு. சமுதாய வானொலி என்றால் பெரிய சமாசாரம் இல்லை. நம் நாட்டுச் சட்டப்படி பெரும்பாலும் நூறு வாட். பழைய குண்டு பல்பு எரியுமே, அந்தக் கணக்கு. பத்து கிலோமீட்டர் தாண்டினால் கரகரப்பு. அதற்குள் இருக்கிற ஜனங்களின் குரல் அதில் வரவேண்டும், அவ்வளவுதான். டெல்டா பக்கம் அப்படி ஒரு சின்ன நிலையத்துக்கு நான் அப்போது கைகொடுத்துக்கொண்டிருந்தேன். நிகழ்ச்சி தயாரிப்பு, எடிட்டிங், மைக்குக்கு முன்னால் பயப்படுகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பது எல்லாம்.

கருத்தரங்குகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. கழுத்தில் அட்டை, கையில் ஃபைல், பத்து நிமிடம் என்று மேடை ஏறி இருபத்தைந்து நிமிடம் பேசுகிறவர்கள். பங்களாதேஷ்காரர்கள், ‘2008-ல் கொள்கை வந்துவிட்டது, லைசென்ஸ்தான் இன்னும் வரவில்லை’ என்று சிரித்தார்கள். சாப்பாட்டுக்கு மோமோ. நன்றாகவே இருந்தது.

என் முறை வந்தது. நான் கொண்டுபோனது ஒரு நடவுப் பாட்டு. எங்கள் பக்கத்து அறுபது வயதுப் பெரியம்மா ஒருத்தர் பாடி, நான் பதிவு செய்தது. மறைந்துகொண்டிருக்கும் கலையை நூறு வாட் எப்படிக் காப்பாற்றுகிறது என்று ஒரு சின்னப் பேச்சு, நடுவில் பாட்டு. கைதட்டல் பலமாக இருந்தது. நானும் கொஞ்சம் பூரித்துத்தான் போனேன்.

தேநீர் இடைவேளையில் நேபாளத்து வானொலிப் பெண்மணி ஒருவர் பக்கத்தில் வந்தார். எல்லோரும் அவரை ‘தீதி’ என்றுதான் கூப்பிட்டார்கள். பத்து வருஷமாக எடிட்டிங்தான் வேலை என்றார். “பாட்டு ரொம்ப நல்லா இருக்கு பாயி. ஆனா நடுவுல ஒரு வெட்டு இருக்கே? அந்த அம்மா மூச்சு இழுக்கிறாங்க, ஆனா அந்த மூச்சுக்கு உண்டான வரி வரலையே?” என்றார், இந்தியும் இங்கிலீஷும் கலந்து.

தமிழில் ஒரு வார்த்தை தெரியாதவர். மூச்சை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்.

நடந்தது இதுதான். பெரியம்மா பாடிக்கொண்டே வந்தவர் நடுவில் இரண்டு அடி சொந்தமாகக் கட்டிச் சேர்த்துவிட்டார். நூறு நாள் வேலைக்கு மூன்று மாசமாகக் கூலி வரவில்லை, கேட்டால் இன்றைக்கு நாளைக்கு என்கிறார்கள் என்று. மெட்டு பிசகவே இல்லை. நடவுப் பாட்டு என்றாலே அப்படித்தானே, பண்ணையாரையும் மிராசுதாரையும் கேலி பண்ணிப் பாடிய பாட்டுகள்தானே அவை! நான் அந்த இரண்டு அடியை எடுத்துவிட்டேன். காரணம், சட்டம்.

இந்தச் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். ஒலிபரப்பு அலைகள் பொதுச் சொத்து என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. அதற்கப்புறம் 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் வளாக வானொலி வந்தது. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களும் நடத்தலாம் என்று கதவு திறந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: செய்தி கூடாது, நடப்பு விவகாரம் கூடாது, அரசியல் கூடாது. பிற்பாடு ஆல் இந்தியா ரேடியோவின் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம் என்று இறங்கி வந்தார்கள். டெல்லிச் செய்தி சொல்லலாம், தெருக்கோடிச் செய்தியைச் சொல்லக் கூடாது.

தீதியிடம் இதைச் சொன்னேன். அவர் தம் கதையைச் சொன்னார்.

தெற்காசியாவிலேயே அரசாங்கத்தின் கையில் இல்லாத முதல் சமுதாய வானொலி அவர்கள் ஊரில்தான் வந்தது. ரேடியோ சாகர்மாதா, 1997-ல். அதைப் பார்த்து மலைக்கு மலை நிலையங்கள் முளைத்தன. 2005 பிப்ரவரி 1-ம் தேதி மன்னர் ஞானேந்திரா ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். தொலைபேசி அறுந்தது. வானொலி நிலையங்களுக்குள் பட்டாளம் வந்து நின்றது. எஃப்.எம்.மில் செய்தி கூடாது, பாட்டு மட்டும் போடு என்று உத்தரவு. வானொலிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தெருமுனையில் கூட்டத்தைக் கூட்டி ஒலிபெருக்கியில் செய்தி வாசித்தார்கள். சிலர் செய்தியையே பாட்டாகக் கட்டிப் பாடினார்கள். பாட்டுக்குத்தான் தடை இல்லையே! அடுத்த வருஷம் ஏப்ரலில் ஜனங்கள் தெருவுக்கு வந்து மன்னரைப் பின்வாங்க வைத்தார்கள். 2008-ல் முடியாட்சியே போயிற்று.

“நாங்க செய்தியைப் பாட்டாக்கினோம். நீங்க பாட்டுல இருந்த செய்தியை எடுத்துட்டீங்க” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, ஏதோ கணக்கு ஒப்பிடுகிற மாதிரிதான் சொன்னார். அப்புறம் கேட்டார்: “உங்க ரூம்ல சிப்பாய் யாராவது நின்னாங்களா?”

ராத்திரி தூக்கம் வரவில்லை. குளிரும் ஒரு காரணம்.

என் தரப்பிலும் நியாயம் இருந்தது. லைசென்ஸ் என்பது என் சொத்து அல்ல, ஊர்ச் சொத்து. ஒருத்தருடைய இரண்டு அடிக்காக அதைப் பணயம் வைக்க நான் யார்? நாளைக்கே மூடிவிட்டால் பிள்ளைகள் நிகழ்ச்சி, விவசாய நிகழ்ச்சி எல்லாம் போச்சு. தவிர, வானொலியைப் பார்த்து அரசாங்கங்கள் பயப்படுவது வெறும் வீம்பு என்றும் சொல்லிவிட முடியாது. ருவாண்டாவில் 1993-ல் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். என்ற வானொலி, அடுத்த வருஷம் டூட்ஸிகளைக் கரப்பான்பூச்சிகள் என்று திரும்பத் திரும்பச் சொல்லி, கொல்லத் தூண்டியது. நூறு நாட்களில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். மைக் என்பது விளையாட்டுச் சாமான் இல்லை. (ஆனால் அந்த நிலையத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் அதிகாரத்துக்கு மிக நெருக்கமானவர்கள். பயப்பட வேண்டியது எந்த மைக்குக்கு என்பது வேறு கேள்வி.)

சரி, பெரியம்மா பாடியது செய்தியா? மூன்று மாசமாகக் கூலி வரவில்லை என்று பாடினார். மூன்று மாசமாக மழை வரவில்லை என்று பாடியிருந்தால்? தொட்டிருக்கவே மாட்டேன். இரண்டும் ஒரே அளவு உண்மை, ஒரே அளவு செய்தி. ஒரே வித்தியாசம், மழைக்கு ஆபீஸர் கிடையாது. யாருக்காவது கோபம் வரும் என்றால் அது செய்தி, வராது என்றால் கலை என்று என் கத்தரிக்கோல் தானாகவே ஒரு இலக்கணம் வகுத்து வைத்திருந்தது. சட்டப் புத்தகத்தில் அந்த வரி எங்கேயும் இல்லை.

அதையும்கூட எப்படியோ சமாளித்துக்கொள்ளலாம். பயம் மனுஷ சுபாவம். எனக்கு உறுத்தியது அடுத்தது. நிகழ்ச்சி வந்த மறுநாள் காலையில் பெரியம்மா நிலையத்துக்கே வந்து, “ஏந்தம்பி, என் பாட்டுல ரெண்டு அடி காணலியே?” என்று கேட்டார். “மெஷின் கோளாறு பெரியம்மா” என்றேன்.

வெட்டச் சொன்னது சட்டம் என்றே வைத்துக்கொள்வோம். பொய் சொல்லச் சொன்னது யார்?

நேபாளத்தில் அன்றைக்கு வானொலியில் செய்தி இல்லை என்பது நாடு முழுக்கத் தெரிந்திருந்தது. வாயைக் கட்டியிருக்கிறார்கள் என்பது காதில் விழுந்தது. அதனால்தான் தெருமுனையில் கூட்டம் சேர்ந்தது. நானோ வெட்டினது தெரியாமல் வெட்டி, ஒட்டினது தெரியாமல் ஒட்டினேன். அதில் ஒரு தொழில் பெருமை வேறு! அங்கே ஒரு வாய் மூடப்பட்டது என்பதே யாருக்கும் தெரியாது. அந்தப் பாட்டைத்தான் அடுத்த நாட்டு மேடை வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்க் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

கருத்தரங்கு கடைசி நாள் தீர்மானம், குரூப் போட்டோ. தீதி ஒரு கம்பளித் தொப்பி கொடுத்தார். நம்ம ஊர் வெயிலுக்கு அதை என்ன செய்ய, இன்னும் பீரோவில் இருக்கிறது.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். “மெஷின் கோளாறெல்லாம் இல்லை பெரியம்மா, நான்தான் எடுத்தேன். பயந்துக்கிட்டு” என்றேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எனக்கு அன்னைக்கே தெரியுமே. மெசினு கெட்டுச்சுன்னா கொரலுல்ல கரகரங்கும்? கூலியப் பத்தின வரி மட்டுமா பாத்துக் கெடும்?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ரெண்டு மாசத்துக் காசு வந்துருச்சு தம்பி. ஒரு மாசம் நிக்கிது” என்றார்.

நிலையத்தில் உட்கார்ந்து இரண்டு நாள் விவாதம் செய்தோம். எடுத்த அடியைச் சேர்த்து ஒலிபரப்பத் தைரியம் வரவில்லை. எனக்கும்தான். கடைசியில் அடுத்த வெள்ளிக்கிழமை அதே பாட்டைத் திரும்பப் போட்டோம். அந்த மூச்சு வருகிற இடத்தில் பாட்டை நிறுத்தி, என் குரலில் சொன்னேன்: “இந்த இடத்தில் இரண்டு அடிகளை நாங்கள் நீக்கியிருக்கிறோம்.” அப்புறம் பாட்டு தொடர்ந்தது.

அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் பெரியம்மா வீட்டு வாசலில் நல்ல கூட்டமாம். அந்த இரண்டு அடி என்ன என்று கேட்டு வந்தவர்கள். நாலு தடவை பாடிக் காட்டியதில் தொண்டை கட்டிக்கொண்டதாக மறுநாள் என்னிடம் சுக்குக் காபிக்குக் காசு கேட்டார்.